ஜெபிச்சுட்டுச் சொல்றேன்

என் வீட்டுக்காரருக்குச் சபையில் ஒரு பட்டப்பெயர் உண்டு. அது அவருக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரியும். தெரிந்தும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்கிற பெரிய மனசு அவருக்கு, நான் என்ன செய்ய. 'ஜெபிச்சுட்டு' என்பதுதான் அந்தப் பெயர். "ஜெபிச்சுட்டு வீட்டுல நீளமான ஏணி ஒண்ணு இருக்கு, ஆனா கேட்டுப் பிரயோஜனம் இல்ல" என்று என் காதுபடவே பேசியிருக்கிறார்கள்.

பெயர் வந்த வழி ரொம்பச் சுலபம். பாடகர் குழுவில் சேரச் சொன்னார்கள். "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்" என்றார். இது நடந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்தக் குழுவே கலைந்து, புதுக் குழு வந்து, அதுவும் இரண்டாக உடைந்துவிட்டது. இவர் இன்னும் ஜெபித்து முடிக்கவில்லை. சபைச் சுவருக்கு வெள்ளையடிக்க ஒரு சனிக்கிழமை வரமுடியுமா என்று கேட்டார்கள். அதே பதில். ஏணியை இரவல் கேட்டபோதும் அதே பதில்தான். ஏணிக்கு என்ன ஜெபம் என்று கேட்டவர் மலைத்துப்போய்த் திரும்பிப் போனார்.

எங்கள் சபையில் இந்த வாக்கியத்துக்கு நல்ல மரியாதை. 'முடியாது' என்றால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். 'யோசிக்கிறேன்' என்றால் விசுவாசமில்லாத உலகத்தான் பேச்சு. 'ஜெபிச்சுட்டுச் சொல்றேன்' என்று சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சு பேச முடியாது. "எத்தனை நாள் ஜெபிப்பீங்க?" என்று கேட்க யாருக்கு வாய் வரும்? கேட்டவர் பக்தியோடு தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். மாட்டேன் என்பதைத்தான் இப்படி முழங்காலில் நிறுத்திச் சொல்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். போதகருக்கும் தெரியும்.

தெரியாத ஒரே ஆள் இவருடைய அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

அவர் முப்பத்தாறு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். மூன்று என்றால் மூன்றுதான், கிட்டத்தட்ட மூன்று என்று ஒன்று அவர் உலகத்தில் கிடையாது. எங்கள் கல்யாணப் பேச்சின்போதே இவர் "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்" என்றுதான் சொன்னார். என் அப்பா அதை 'வேண்டாம்' என்று புரிந்துகொண்டு வேறு இடம் பார்க்கக் கிளம்பிவிட்டார். அண்ணி மட்டும் மறுநாள் காலையில் தம்பி பல் தேய்த்துக்கொண்டிருந்த இடத்துக்கே போய், "ஜெபிச்சியா? என்ன பதில்?" என்று கேட்டு நின்றிருக்கிறார். பதில் வரும்வரை நகரவே இல்லையாம். வாயில் நுரையோடு இவர் தலையாட்டினார். அதில் ஆரம்பித்ததுதான் எங்கள் குடும்பம்.

வேலையிடத்தில் மட்டும் இவர் வேறு ஆள். முப்பத்தோரு வருஷமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறார். கட்டடத்தின் உச்சியில் மோட்டார் வைத்திருக்கிற சின்ன அறைக்கு ஏறிப்போவார். லிஃப்டைத் தாங்குகிற கம்பிக் கயிற்றைச் சுற்றி ஒரு பழந்துணியைப் பிடித்துக்கொண்டு, லிஃப்டை மெல்ல ஓட்டச் சொல்வார். எங்கேயாவது துணி சிக்கினால் அங்கே இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு சாண் நீளத்துக்குள் எத்தனை இழை போயிருக்கிறது என்று எண்ணுவார். எண்ணி முடித்ததும் பதில் வந்துவிடும். "ஓடும்" என்பார், இல்லாவிட்டால் "ஓடாது" என்பார். ஓடாது என்றால் சுவிட்சை அணைத்து, தன் பூட்டைப் போட்டு, சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கட்டடத்துச் செயலாளர் கெஞ்சட்டும், மிரட்டட்டும், அந்தச் சாவி வெளியே வராது.

"அங்க மட்டும் ஜெபிச்சுட்டுச் சொல்ல மாட்டீங்களோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது படியேறும்போதே செஞ்சுடுவேன். மேல போனப்புறம் பாக்கணும், எண்ணணும், சொல்லணும். அவ்வளவுதான்" என்றார்.

இவ்வளவு தெளிவாகப் பேசுகிற மனுஷன்தான் வீட்டில் ஏணிக்கு ஜெபிக்கிறார்.

எங்கள் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது. மகள் வேலை கிடைத்துப் போனபிறகு அவளுடைய அறை காலியானது. அதற்கு இவர் 'ஜெப அறை' என்று பெயர் வைத்தார். ஜன்னல் பக்கம் சாய்வு நாற்காலி, பக்கத்தில் ஒரு முக்காலி, முக்காலிமேல் வேதப்புத்தகம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட்டுவிட்டு உள்ளே போனால் நாலு மணிக்குத்தான் வெளியே வருவார். "அவர் ஜெப அறையில இருக்கார்" என்று வருகிறவர்களிடம் நானும் கூசாமல் சொல்வேன். உள்ளிருந்து வருகிற குறட்டைக்கு வேறு பெயர் வைக்க நான் யார்?

அண்ணியின் வீட்டுக்காரர் தவறி மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. ஒரு பழைய கட்டடத்தின் ஆறாவது மாடியில் தனியாக இருந்தார். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டன. ஒரு மாடி இறங்கினால் அரைமணி நேரம் உட்கார வேண்டும். இந்த வருஷ ஆரம்பத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரி குழாய்ச் சத்தம் நிற்கவில்லையே என்று கதவைத் தட்டுகிறவரை, இரண்டு மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். அதை எங்களிடம் சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிடும்போது அண்ணியே கேட்டார். சுற்றிவளைக்கவில்லை.

"தம்பி, எனக்குத் தனியா இருக்க பயமா இருக்கு. உங்க வீட்டுல அந்த ரூம் காலியாத்தான இருக்கு. நான் இங்க வந்துடட்டுமா?"

இவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்க்கா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இதுல ஜெபிக்க என்ன இருக்கு, வாங்க அண்ணி" என்று சொல்ல ஐந்து நொடிகூட ஆகாது. சொல்லவில்லை. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அண்ணி வந்தால் என் அடுக்களை அலமாரியை அகர வரிசையில் அடுக்கிவிடுவார் என்ற பயம் எனக்கு. குழம்பை எடுத்து எல்லோருக்கும் இன்னொரு கரண்டி ஊற்றினேன். அண்ணியோ, "நிதானமா ஜெபி தம்பி. அவசரமில்ல" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

அடுத்த ஞாயிறு சபை வாசலில் கேட்டார். "பதில் வந்துச்சா தம்பி?"

"இன்னும் காத்திருக்கேன்க்கா."

அதற்கடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். "கர்த்தர் உன்னைச் சோதிக்கிறார் போல" என்று அண்ணி ஆறுதல் சொன்னார். இவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கணக்கு டீச்சரிடம் வீட்டுப்பாடம் எழுதாமல் மாட்டிக்கொண்ட முகம்.

ஏழாவது வாரம் ஜெபக் கூட்டத்தில், விண்ணப்பங்கள் இருந்தால் சொல்லலாம் என்றார் போதகர். அண்ணி கைத்தடியை ஊன்றி எழுந்தார். "என் தம்பி ஒரு காரியத்துக்காக ஏழு வாரமா ஜெபிச்சுட்டு இருக்கான். இன்னும் பதில் கிடைக்கல. அவனுக்குத் தெளிவு கிடைக்கணும்னு எல்லாரும் சேர்ந்து வேண்டிக்கங்க" என்றார்.

அறுபது பேர் இருந்தோம். ஒருத்தர் இருமினார். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். போதகர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, பிறகு மிகவும் உருக்கமாக ஜெபித்தார். 'எங்கள் சகோதரனுக்குப் பேச வாய் தாரும்' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. அந்தச் சபையில் அன்றைக்கு மனப்பூர்வமாக ஜெபித்தது அண்ணி ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

மறுவாரம்தான் அண்ணி குடியிருந்த கட்டடத்திலிருந்து இவருடைய அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. லிஃப்ட் ஏறும்போது ஏதோ உரசுகிற சத்தம் கேட்கிறதாம். போகவேண்டிய ஆள் விடுப்பில் இருந்ததால் இவரையே அனுப்பினார்கள். கூடவே தடியனும் போனார். தடியன் என்பவர் இவரோடு பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறவர். ஒல்லியாக இருந்த காலத்தில் கேலிக்கு வைத்த பெயருக்கு இப்போது நியாயம் செய்துவிட்டார். மேலே போய்க் கயிற்றில் துணியைப் பிடித்ததும் ஐந்து இடத்தில் சிக்கியிருக்கிறது. இவர் எண்ணினார். "ஓடாது" என்றார். செயலாளர், "ஆறாவது மாடில வயசான டீச்சரம்மா ஒருத்தங்க இருக்காங்க, கால் முடியாதவங்க. அவங்களுக்காகவாவது ரெண்டு நாள் ஓட்டுங்களேன்" என்று கெஞ்சியிருக்கிறார்.

"அவங்களுக்காகத்தான் சொல்றேன்" என்று பூட்டைப் போட்டிருக்கிறார் இவர். தடியன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். புதுக் கயிறு வர ஆறு வாரம் ஆகும். அதுவரை அண்ணிக்கு வாசல் என்பது வெறும் கதவு.

அன்று சாயங்காலம் அண்ணி போன் பண்ணினார். இவர் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பேசுகிறவர் என்பதால் எனக்கும் கேட்டது.

"தம்பி, பதில் வந்துடுச்சுடா. நீ இனிமே கஷ்டப்பட்டு ஜெபிக்க வேண்டாம். லிஃப்ட் நின்னுபோச்சு. நீ எங்கயும் போகாத, இருக்கிற இடத்துலயே இருன்னு கர்த்தர் எனக்குத் தெளிவா சொல்லிட்டார். எனக்கு வருத்தமில்ல. உனக்குப் பதில் தெரியாம தவிச்சுட்டு இருப்பியேன்னுதான் உடனே கூப்பிட்டேன்."

போனை வைத்துவிட்டு இவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறி ஏடு படிந்தது.

"லிஃப்டை நிறுத்தினது நான்" என்றார்.

"தெரியும்."

"அவ கர்த்தர்னு நினைக்கிறா."

"முப்பத்தோரு வருஷ சர்வீசுக்கு இதைவிடப் பெரிய பதவி உயர்வு கிடைக்காது" என்றேன். எனக்குக் கோபம். இவர்மேல் பாதி, என்மேல் பாதி. குழம்பு ஊற்றிய கரண்டி கண்முன்னே வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் மதியம் வேலையிலிருந்து நேராக வந்து, "கிளம்பு, அக்கா வீட்டுக்குப் போலாம்" என்றார்.  ஆறு மாடியும் படியேறினோம். ஒவ்வொரு தளத்திலும் மூடிய லிஃப்ட் கதவில் இவர் கையெழுத்திட்ட சிவப்பு அட்டை தொங்கியது. ஆறு தடவையும் அதை வாசித்துவிட்டே ஏறினார்.

அண்ணி வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஆனால் வாசலை ஒட்டி மூன்று பெட்டிகள். ஒன்றின்மேல் 'புத்தகங்கள்', ஒன்றின்மேல் 'துணி', ஒன்றின்மேல் 'தம்பி வீட்டுக்குத் தேவைப்படலாம்' என்று உருண்டை எழுத்தில் ஒட்டியிருந்தார். இரண்டு பெட்டிகளை அதற்குள் பிரித்துப் பாதியை மறுபடி அலமாரியில் அடுக்கியும்விட்டிருந்தார். அந்த மூன்றாவது பெட்டியை என்னால் பார்க்க முடியவில்லை.

இவர் நின்றுகொண்டே சொன்னார். "அக்கா, நான் ஜெபிக்கல."

"எந்த வாரம்?" என்றார் அண்ணி. கணக்கு டீச்சர் அல்லவா, விவரம் வேண்டும்.

"எந்த வாரமும். ஒரு நாள்கூட ஜெபிக்கல. அந்த ரூம்ல நான் தூங்குவேன். அது போயிடுமேன்னுதான் அப்படிச் சொன்னேன். மாட்டேன்னு சொல்ல வாய் வரல."

அண்ணி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். துடைக்க ஒன்றுமே இல்லாதபோதும் துடைத்தார்.

"ஏழு வெள்ளிக்கிழமை காலைல நான் சாப்பிடாம இருந்தேன்டா. உனக்குத் தெளிவு கிடைக்கணும்னு."

திட்டியிருந்தால் பரவாயில்லை. கணக்கைச் சரிபார்த்துச் சொல்கிற குரலில் சொன்னார். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. "நானும் தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன் அண்ணி" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். 

"எங்க வீட்டுக்கு வந்துடுக்கா" என்றார் இவர். "இப்பவே சொல்றேன். வந்துடு."

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தம்பியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சொன்னார்: "சரி தம்பி. நான் ஜெபிச்சுட்டுச் சொல்றேன்."

இவர் முகம் சுண்டிப்போனது. நான்காவது மாடிக்கு இறங்கும்வரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "அப்படின்னா வரமாட்டான்னு அர்த்தமா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? அது உங்க பாஷை" என்றேன்.

அடுத்த நான்கு நாள் இந்த மனுஷன் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல. போன் அடித்தால் குளியலறையிலிருந்து சோப்போடு ஓடிவந்தார். அக்காவிடம் நாமே கேட்போமா என்பார், பிறகு வேண்டாம் என்பார். "இப்படித்தான் எல்லாரையும் காக்க வெச்சேனா?" என்று ஏணி கேட்டவரை நினைத்துக்கொண்டு ஏணியைத் தூக்கிப்போய் அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். அவர் ஏணி வாங்கி ஐந்து வருஷமாகிவிட்டது. இப்போது அவர் வீட்டில் இரண்டு. ஜெப அறைக்குள் இவர் இரண்டு வேளையும் போனார். குறட்டை வரவில்லை.

அண்ணி ஜெபிக்கிற விதம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "ஜெபத்துல இருக்கேன். கொஞ்சம் விவரம் வேணும். நான் அங்க வந்தா உனக்கு என்னென்ன தொந்தரவு? மழுப்பாம சொல்லு, எழுதிக்கிறேன்."

வாயில் வந்த பொய்யை விழுங்கிவிட்டு, மூன்று சொன்னேன். டிவி சத்தம், அடுக்களை அலமாரி, நான் பேசும்போது நடுவில் புகுந்து திருத்துவது. ஒவ்வொன்றையும் திருப்பி வாசித்துக் காட்டினார். "மூணாவது எனக்குக் கஷ்டம். முயற்சி பண்றேன்" என்றார். அந்த அறையின் கதவு எத்தனை அங்குலம், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட முடியுமா, சுவர் தாங்குமா என்று கேட்டார். மருத்துவரிடம் பேசினார். பக்கத்து வீட்டுக்காரியிடமும் கேட்டிருக்கிறார். இவ்வளவுக்கும் நடுவில் முழங்கால் போட முடியாததால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலையும் மாலையும் ஜெபம். பார்த்து, எண்ணி, கேட்டுவிட்டுத்தான் அண்ணி கண்ணை மூடுவார். அக்கா தம்பி இரண்டு பேருக்கும் ஒரே முறைதான். தம்பி அதைக் கயிற்றோடு நிறுத்திக்கொண்டார்.

நான்காம் நாள் பதில் வந்தது. "வரேன். சனிக்கிழமை காலைல பத்து மணி. கைப்பிடி வெச்ச நாற்காலி ஒண்ணு கொண்டு வாங்க. நடுவுல எனக்கும் கோவம் இருந்துச்சு, அது போறதுக்குத்தான் ரெண்டு நாள் கூட ஆச்சு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சனிக்கிழமை தடியனையும் கூட்டிக்கொண்டு போனோம். அண்ணியை நாற்காலியில் உட்காரவைத்து, கீழே விழாமல் இடுப்பில் பட்டை கட்டி, இவர் முன்பக்கமும் தடியன் பின்பக்கமும் தூக்கினார்கள். நான் கைத்தடியையும் மூன்றாவது பெட்டியையும் சுமந்துகொண்டு பின்னால் இறங்கினேன். ஆயிரம் பேரை மேலும் கீழும் கொண்டுபோகிற வேலை பார்த்தவர், சொந்த அக்காவைக் கையால் இறக்கிக்கொண்டிருந்தார். இவருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஐந்தாவது மாடியில் கழுத்து நரம்பு புடைத்தது. நான்காவது மாடியில் பிடி நழுவப் பார்த்தது.

"தம்பி, முடியுதா?" என்றார் அண்ணி.

இவர் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. அதிலிருந்து என்ன வரும் என்று நானும் தடியனும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தோம்.

"முடியலக்கா" என்றார். "இறக்கி வைக்கணும்."

படி திரும்புகிற இடத்தில் நாற்காலியை மெல்ல இறக்கி வைத்தார்கள். இவர் அப்படியே படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிரிக்கவே இல்லை.

"பாத்தியா, எவ்வளவு சீக்கிரமா பதில் வந்துடுச்சு" என்றார்.

தடியன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. இவர் தலையைக் குனிந்து முழங்காலில் வைத்துக்கொண்டார். சிரிக்கிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அண்ணி கையை நீட்டி அந்த நரைத்த தலைமேல் வைத்து, இவர் எழுந்திருக்கிறவரை எடுக்கவே இல்லை. பிறகு எல்லோருமாகச் சேர்ந்து மீதி மாடிகளை இறங்கினோம்.